துண்டு மடித்தவன் சிரிப்பு

டைரக்டர் பக்கிரிசாமி செத்துப்போய், குளிப்பாட்டித் திருநீறு பூசி, கை கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, ஆலங்கரை மேலத்தெருவில் அவர் வீட்டு வாசல் பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் படுக்கவைத்து, ஊரும் வெளியூரும் மாலையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்த காலை நேரத்தில், நடிகர் தரங்கன் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கி, வரிசையை மதிக்காமல் முன்னால் போய், டிவிக்காரர்கள் கேமராவைச் சரிசெய்யும்வரை அழுகையை அடக்கிவைத்துக்கொண்டு, சரி, இப்போது அழலாம் என்று முகத்தைச் சுருக்கிய அதே நேரத்தில், பெட்டிக்குள் இருந்தவர் கண்ணைத் திறந்து நடிக்க ஆரம்பித்துவிட்டார். முதலில் புருவம் ஏறியது, பிறகு உதடு ஒரு பக்கமாகக் கோணியது, மூக்கு விடைத்தது, கன்னத்தில் ஒரு அலட்சியம் வந்து உட்கார்ந்தது. தரங்கனின் அழுகையை யாரும் பார்க்கவில்லை.

"அட! முத படத்துல பண்ணையார் பொண்ணு பாக்க வர்ற எடம்யா இது!" என்று கத்தினார் அரிசி மில் அய்யாக்கண்ணு. அவர் பக்கிரிசாமி ரசிகர் மன்றத்தின் தலைவர். மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்த நாற்காலியை அவர் வேறு யாருக்கும் விட்டதில்லை. கூட்டம் "ஆமால்ல!" என்றது. பின்னால் நின்றவர்கள், "ஒக்காருங்கப்பா, மறைக்குது" என்றார்கள். ஆலங்கரை பட்ட ஆச்சரியம் மொத்தமும் அவ்வளவுதான்.

அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் வந்து, நாடி பார்த்து, நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, "ஆள் செத்துதான் இருக்காரு, அதுல சந்தேகமில்ல, நடிப்பு எங்க டிபார்ட்மெண்டு கெடையாது" என்று சொல்லிவிட்டு, தனக்குப் பிடித்த கட்டம் எப்போது வரும் என்று விசாரித்துக்கொண்டு போனார். படங்கள் வெளியான வரிசையிலேயே முகம் நடித்துக்கொண்டு போயிற்று. கதாநாயகன் அழுதால் அதுவும் அழுதது, கதாநாயகி சிணுங்கினால் அதுவும் சிணுங்கியது, ஊத்திக்கொண்ட படங்களைக்கூட ஒன்று விடவில்லை, அந்த நேரத்தில் ஜனங்கள் டீ குடிக்கப் போய்விட்டு வந்தார்கள். ஒப்பாரி வைக்க வந்த பெண்கள், பிணமே தங்களைவிட நன்றாக அழுவதைப் பார்த்து முகம் சுண்டிப் புறப்பட்டார்கள். ஒருத்தி மட்டும் கற்றுக்கொள்ளலாம் என்று தங்கிவிட்டாள். பறையடிக்க வந்தவர்கள் மறுநாளே விஷயத்தைப் புரிந்துகொண்டு, சண்டைக்கு ஒரு அடி, காதலுக்கு ஒரு அடி, துரோகத்துக்கு ஒரு அடி என்று பின்னணி வாசிக்கத் தொடங்கினார்கள். ஆலங்கரை கண்டறியாத அதிசயமாக அந்த வாரம் முழுக்கக் கரண்டு போகவில்லை.

பிணம் கிடக்கிற தெருவில் உலை வைக்கக் கூடாது, அம்மன் கோயில் நடை திறக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அம்மனுக்கோ அந்த வாரம் காப்புக் கட்ட வேண்டியிருந்தது. மேலத்தெருவிலேயே ஒரு கல்யாணமும் இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆளைத் தூக்குவது மரியாதையில்லை என்றார் ஒருவர். கொள்ளி வைக்கிற நேரத்தில் காமெடிக் கட்டம் வந்து அவர் சிரித்துத் தொலைத்தால் கொள்ளி வைத்தவன் கதி என்ன என்று கேட்டார் இன்னொருவர். கடைசியில், வேலை பார்த்துக்கொண்டிருக்கிறவரைப் பிணம் என்று சொல்ல முடியாது, வேலை முடிந்த பிறகு பிணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்து, உலை வைக்கச் சொன்னார்கள், நடையைத் திறந்தார்கள், கல்யாணத்தையும் நடத்தினார்கள். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து, இரண்டாவது படத்தில் வரும் புதுப்பெண்ணின் வெட்கத்தை எண்பதை நெருங்கிய அந்த வெள்ளை மீசை முகத்தில் பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

பிறகு கட்சி கட்டினார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் கட்சி கட்டாமல் நம்மால் ஒரு மாங்காயைக்கூடத் தின்ன முடியாதே! பக்கிரிசாமி படங்களிலேயே உசத்தியான நடிப்பு எது என்று ஒரு டிவி ஓட்டெடுப்பு நடத்த, ஊர் இரண்டாகப் பிளந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பாக்கியத்தம்மாள் மண்ணில் புரண்டு அழும் கட்டம்தான் என்றது ஒரு கட்சி. தரங்கன் துண்டு மடிக்கும் சிரிப்புதான் என்றது மற்றொரு கட்சி. மாமனும் மச்சானும் பேச்சை நிறுத்தினார்கள். கீழத்தெருவில் ஒரு வீட்டில் பாக்கியத்தம்மாள் கட்சி மருமகள், துண்டுக் கட்சி மாமியாருக்குச் சாப்பாடு போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அது வெகு நாளாக அவள் தேடிக்கொண்டிருந்த காரணம் என்பது வேறு விஷயம்.

அந்தத் துண்டு மடிக்கும் சிரிப்பு இல்லாவிட்டால் தரங்கன் இல்லை. பக்கிரிசாமியின் கடைசிப் படத்தில், மகன் செத்துவிட்டான் என்ற சேதியோடு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் தகப்பனிடம், ஒன்றும் தெரியாத ஒருவன் வந்து "என்ன, ஊருக்கா?" என்று கேட்பான்; தகப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, மடித்ததை இன்னொரு மடிப்பு மடித்து, ஒரு சிரிப்புச் சிரிப்பான். வசனம் கிடையாது, அழுகை கிடையாது, அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு அவனுக்கு விருது வாங்கிக் கொடுத்தது, வீடு கட்டிக் கொடுத்தது, மறுபடி ஒரு நல்ல படம்கூட அமையாமல் போன இத்தனை வருஷமும் கல்லூரி விழா, நகைக்கடைத் திறப்பு, கட்சி மாநாடு என்று போகிற இடமெல்லாம் "சார், அந்தச் சிரிப்பு ஒருவாட்டி" என்று கேட்க வைத்து, அவன் குடும்பத்துக்குச் சோறு போட்டது. பேட்டி கொடுக்கும்போதெல்லாம் அவன் ஒரே கதையைத்தான் சொல்லுவான்: "டைரக்டர் சார் எனக்கு எதுவுமே சொல்லலை. கேமராவை வெச்சிட்டு ஒதுங்கிட்டார். அது எனக்குள்ளேருந்து வந்தது." இந்தக் கதையின் பலத்தில் சென்னையில் ஒரு நடிப்புப் பள்ளியும் வைத்திருந்தான். பள்ளியின் பெயர் 'உள்ளிருந்து.'

பக்கிரிசாமி படத்தில் ஒருவனுக்கு உள்ளிருந்து ஒன்று வந்தது என்பது, கிணற்றில் போட்ட கல் தானாக மேலே வந்தது என்கிற மாதிரி. மனுஷர், கதாநாயகனாக இருந்தாலும் சரி, பிணத்துக்குப் பின்னால் மாரடிக்கும் கூட்டத்துக் கிழவியாக இருந்தாலும் சரி, முதலில் தானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டுவார், "இந்தா, இதை அப்படியே செய்யி, ஒஞ் சொந்தச் சரக்கைச் சேத்தே, தொலைச்சிப்புடுவேன்" என்பார், இமையை ஒரு தரம் கூடுதலாக அடித்தவன் பிடரியில் ஒன்று விழும். இது சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெளியே சொன்னவர்தான் இல்லை. சொன்னால் அப்புறம் அடுப்பு எப்படி எரியும்?

துண்டுச் சிரிப்புக் கதை அதைவிட ஒரு படி மேல். அன்றைக்குப் பக்கிரிசாமி எல்லோர் எதிரிலும் நடித்துக் காட்டவில்லை. தரங்கனை மட்டும் ஒரு பழைய பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், தன் தோள் துண்டை எடுத்து மடித்து, அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டிவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "எம் பய ராசு காச்சல்ல போனான்ல, அன்னிக்குச் சாமான் வாங்க பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். ஒருத்தன் ஊருக்கான்னு கேட்டான். இப்படித்தான் சிரிச்சேன். வீட்டுல இதெல்லாம் காட்டுனதில்ல. அவ ஒடைஞ்சி போயிருந்தா, நானும் ஒடைஞ்சா என்னாவுறது. நீயும் ஆருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியாத." தரங்கன் சொல்லிக்கொண்டு திரியவில்லை. அந்த வாக்கை மட்டும் அவன் ரொம்ப ஒழுங்காகக் காப்பாற்றினான்.

இப்போது பெட்டிக்குள் படம் படமாக நகர்ந்துகொண்டிருந்தது. கடைசிப் படம் வந்தால் அந்தச் சிரிப்பும் வரும், வந்தால் குட்டு வெளிப்படும் என்று தரங்கன் பயந்தான். வெளிப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் அவன் கண்ணாலேயே பார்த்தான். பாக்கியத்தம்மாளாக நடித்த மதுமாலா, உடம்பு பெருத்து, முட்டி வலியோடு, சென்னையிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுடைய கட்சிக்காரர்கள் மேளத்தோடு அழைத்துவந்து முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். பெட்டிக்குள் பாக்கியத்தம்மாளின் அழுகை வந்தது. பார்த்துக்கொண்டே இருந்த மதுமாலா, அய்யாக்கண்ணு நீட்டிய மைக்கில், நல்ல மனசோடு, "எல்லாம் டைரக்டர் சொல்லிக் குடுத்ததுதாங்க, நான் பாத்துச் செஞ்சேன், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டாள். தீர்ந்தது. "பாத்து எழுதினவளுக்கா நாம இத்தனை வருஷமா மார்க்கு போட்டோம்?" என்று கட்சி முணுமுணுத்தது. அவள் தண்ணீர் குடிக்க எழுந்த நேரத்தில் நாற்காலியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பாக்கியத்தம்மாள் கட்சியில் பாதிப் பேர் அன்றே துண்டுக் கட்சிக்குத் தாவினார்கள்.

தரங்கன் பெரியவர்களிடம் போய் ஆத்மா, சாந்தி, சாஸ்திரம் என்று பேசிப் பார்த்தான். "வேலை முடியட்டும் தம்பி, அதுக்குள்ள என்னா அவசரம்? ஒங்க கட்டம் வேற இன்னும் வரல" என்று அவர்கள் அவனுக்கே ஆறுதல் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் அவன் உள்ளே போய், பக்கிரிசாமியின் மனைவி தையல்நாயகி எதிரில் தரையில் உட்கார்ந்தான். அவள் பெட்டிக்குத் தலைமாட்டில் இருக்கும் ஜன்னலோரமாக முதல் நாளிலிருந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாக யாரும் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஊர் பேசிக்கொண்டது.

"அம்மா, சார் எவ்வளவு நாளைக்கும்மா இப்படிக் கெடப்பாரு? ஒரு வார்த்தை சொல்லுங்க, எடுத்துரலாம்" என்றான் தரங்கன்.

"இருங்க தம்பி. நான் ஒன்னு தேடிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

"என்னம்மா?"

"இவரு மொகத்த." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அந்தப் புதுப்பொண்ணு வெக்கப்படுறது எங்க நாத்தனாரு. பண்ணையாரு இளிக்கிறது இவரோட தாய்மாமன். மண்ணுல பொரண்டு அழுவுறாளே பாக்கியத்தம்மா, அது நான். எங்க ராசு போனப்ப நான் அழுதது. நான் பொரண்டு அழுவுறேன், இவரு தூணப் புடிச்சிக்கிட்டு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கிறாரு. ஒரு சொட்டு தண்ணி விடல தம்பி. மறுவருஷம் கொட்டாயில போயி படம் பாக்குறேன், தெரையில நான் அழுவுறேன். பக்கத்துல இருந்தவ, 'என்னமா நடிக்கிறா பாருங்கக்கா'ங்கிறா."

தரங்கன் எழுந்துகொள்ளப் பார்த்தான், அவள் விடவில்லை.

"ஆரு எந்த நேரத்துல எந்த மூஞ்சியக் காட்டுனாலும் எடுத்து வச்சிக்குவாரு. தன்னோடதுன்னு ஒன்னு வச்சிருந்தாரா, இல்லியா? பெத்த புள்ளைக்கு அழுவாத ஆளோடயா நான் இம்புட்டு நாளு குடித்தனம் பண்ணுனேன்? அது தெரியாம எப்படித் தூக்கச் சொல்லுவேன், சொல்லுங்க. இத்தன படம் பாத்துட்டேன், ஊர்ல உள்ளவங்க பூரா வந்துட்டாங்க, இவரு மட்டும் வரல. ஆரோடதுன்னு எனக்குத் தெரியாத மொகம் ஒன்னே ஒன்னுதான், அந்தத் துண்டு மடிக்கிறது. அது ஒங்களோடதுன்னு நீங்கதான் டிவி டிவியா சொல்லிட்டீங்க. இவரையே ஒருவாட்டி கேட்டேன். 'அதான் தரங்கன் சொல்றானே'ன்னுட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு."

சொல்லிவிடலாம் என்று தரங்கன் நினைத்தான். உண்மையாகவே நினைத்தான், அவனுக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டு. ஒரே ஒரு வாக்கியம்தான், இந்த அம்மாளின் பாதி ஆயுசு பாரம் இறங்கிவிடும். அப்போது ஜன்னல் வழியாக, பந்தல் காலில் சாய்ந்து, உட்கார இடமில்லாமல் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருக்கும் மதுமாலா தெரிந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

கடைசிப் படம் மறுநாள் பிற்பகலில் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். மாமரத்தில் ஆள், மொட்டை மாடியில் ஆள், டிவிக்காரர்கள் ஏணியில். மைக்கைப் பிடித்துக்கொண்டு அய்யாக்கண்ணு, "அமைதி, அமைதி, பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு" என்று சொல்ல, பறை அடங்கியது. பெட்டிக்குள் கட்டிப்போட்ட கட்டைவிரல்கள் இல்லாத துண்டு ஒன்றை மடிப்பது போல லேசாக நெளிந்தன. பிறகு அந்தச் சிரிப்பு வந்தது. யாரோ எதையோ கேட்க, மரியாதைக்காக உதடு மட்டும் ஆமாம் என்று சொல்ல, கண் அதற்குள் ரொம்ப தூரம் போய்விட்ட சிரிப்பு. தரங்கன் இத்தனை ஆண்டுகளாகச் சிரித்துக்கொண்டிருந்தது அதன் கால்தூசி. அவனுக்கே அது தெரிந்தது. இதோ இப்போது யாராவது கத்தப் போகிறார்கள், திருடன் என்று சொல்லப் போகிறார்கள் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"பாத்தீங்களாய்யா!" என்று கத்தினார் அய்யாக்கண்ணு, குரல் தழுதழுக்க. "நம்ம தரங்கன் செஞ்சத அப்படியே செய்யிறாரு பாருங்க! ஒரு டைரக்டரு, செத்தப்பறம், ஒரு நடிகனப் பாத்துச் செய்யிறாருன்னா, இதவிட என்னா விருதுய்யா வேணும்?" கூட்டம் விசிலடித்தது. தரங்கனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. தோளில் உட்கார்ந்தபடி அவன், இந்த ஜனங்களை நம்பாமல் இத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்தோமே என்று நொந்துகொண்டான்.

சத்தம் மெல்ல அடங்கியது, ஏனென்றால் தையல்நாயகி வாசலுக்கு வந்திருந்தாள். தோளிலிருந்து அவனை இறக்கிவிட்டார்கள். அவள் நேராக அவனிடம் வந்தாள்.

"படம் முடிஞ்சிருச்சு தம்பி. தூக்கச் சொல்லிருவேன். ஒன்னே ஒன்னு கேக்குறேன், நெசத்தச் சொல்லுங்க. இது நீங்களா செஞ்சதா, அவரு செஞ்சி காட்டுனதா?"

அய்யாக்கண்ணு மைக்கை அவன் வாயருகில் கொண்டுவந்தார். ஏணியில் இருந்த கேமரா திரும்பியது. தரங்கன் வலது கையை நெஞ்சில் வைத்தான், முகவாயைத் தாழ்த்தினான், இமையை முக்கால்வாசி இறக்கினான், குரலைக் கொஞ்சம் உடைத்துக்கொண்டான்.

"சார் பெரியவர்ம்மா. அவர் சொல்லிக் குடுத்திருந்தா சந்தோஷமாச் சொல்லியிருப்பேன். என்ன செய்யறது, அது எனக்குள்ளேருந்து வந்துட்டுதும்மா."

தையல்நாயகி தலையை ஆட்டினாள். திரும்பி, பாடைக்காரர்களைப் பார்த்து, தூக்கலாம் என்பது போலக் கையை அசைத்தாள். நாலு பேர் பெட்டியை நெருங்கியபோது, முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த முகம் மறுபடி அசைந்தது.

முகவாய் தாழ்ந்தது. இமை முக்கால்வாசி இறங்கியது. உதட்டில் பக்தி மாதிரி ஒரு நடுக்கம் வந்தது. அத்தனைக்கும் நடுவில் இடது கண்ணின் ஓரம் மட்டும் நழுவிப் போய், கேமரா ஓடுகிறதா என்று ஏணிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது போலத் திரும்பி வந்தது. தொண்டை ஒரு தரம் எச்சில் விழுங்கியது.

"இது எந்தப் படம்?" என்றார் ஒருவர். எல்லோரும் அய்யாக்கண்ணுவைப் பார்த்தார்கள். பக்கிரிசாமி படங்களைத் தலைகீழாகச் சொல்லக்கூடிய அய்யாக்கண்ணு, மைக்கை இறக்கிவிட்டு விழித்தார். "வெளிவராத படமா இருக்குமோ?" "எதுவா இருந்தா என்னாய்யா, இதாண்டா நடிப்பு! ஒருத்தன் மனசறிஞ்சி பொய் சொல்றான்னு அந்த ஒரு கண்ணுலயே தெரியுது பாரு!" "ஒரு ஏமாந்த பொம்பளைகிட்ட சொல்றான்யா, படுபாவி!" துண்டுக் கட்சி, பாக்கியத்தம்மாள் கட்சி இரண்டுமே அங்கேயே கலைந்து புதுக் கட்சி உருவாயிற்று. டிவி ஓட்டெடுப்பில் பேரில்லாத அந்த நடிப்பு, மற்ற எல்லாவற்றையும் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தது.

தையல்நாயகி பெட்டியைப் பார்த்தாள். பிறகு தரங்கனைப் பார்த்தாள். அவன் அந்த முகத்தை இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"இது ஒங்களோடது தம்பி" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. பெட்டிப் பக்கம் திரும்பினாள். "அப்ப, அது அவரோடது."

பிறகு அவள் பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்து அழுதாள். புருஷனுக்கும், பிள்ளைக்கும், துண்டை மடித்துக்கொண்டு தனியாக ஒருத்தர் நின்ற பஸ் ஸ்டாண்டுக்கும் சேர்த்து, வாய்விட்டு, ஊர் பார்க்கிறதே என்ற நினைப்பில்லாமல் அழுதாள். கூட்டம் அவளைப் பார்க்காமல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது, இந்த அழுகையை அவர் எப்படிச் செய்யப்போகிறார் என்று. அவர் செய்யவில்லை. எடுக்க வேண்டியதெல்லாம் எடுத்தாயிற்று என்பது போல முகம் அமைதியாகிவிட்டது, இமை தானாக மூடிக்கொண்டது. "தூக்குங்க" என்றாள் தையல்நாயகி. தூக்கினார்கள்.

ஊர்வலம் தெருமுனை திரும்பியதும், பந்தலில் மிஞ்சியவர்கள் தரங்கனைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்த முறை யாரும் துண்டைக் கேட்கவில்லை.

"சார், டைரக்டர் கடைசியா ஒன்னு செஞ்சாரே, பொய் சொல்ற மாதிரி, அதை நீங்க ஒருவாட்டி செஞ்சு காட்டுங்களேன்" என்றார் டிவிக்காரர்.

தரங்கன் கையை நெஞ்சில் வைத்தான். முகவாயைத் தாழ்த்தினான், இமையை இறக்கினான், இடது கண்ணை ஓரத்துக்கு நகர்த்தினான். கேமராக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். மறுபடி ஒரு தரம் செய்யச் சொன்னார். பிறகு விளக்கை அணைத்துவிட்டார்.

"விட்டுருங்க சார்," என்றார், "அவர் செஞ்ச மாதிரி வரல."